கயிற்றுக்கு இந்தப் பக்கம்

கை கால் முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்ளப் போகிற ஊர் என்றுதான் தமிழ்நாட்டில் பலருக்கும் புத்தூரைத் தெரியும். 2013 அக்டோபர் 5, சனிக்கிழமை அன்று அந்த ஊர் வேறொரு காரணத்துக்காகத் தொலைக்காட்சிகளில் வந்தது. அன்றைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த புத்தூரில், ஒரு வாடகை வீட்டைத் தமிழ்நாடு போலீசாரும் ஆந்திர போலீசாரும் சுற்றி வளைத்தார்கள். சேலத்திலும் வேலூரிலும் நடந்த அரசியல் பிரமுகர் கொலைகளிலும், 2011-ல் மதுரை திருமங்கலம் அருகே அத்வானியின் யாத்திரை போகும் வழியில் பைப் வெடிகுண்டு வைத்த வழக்கிலும் தேடப்பட்ட இருவர் உள்ளே இருந்தார்கள். கூடவே ஒரு பெண்ணும் குழந்தைகளும். முதலில் உள்ளே நுழைந்த போலீசாரில் இன்ஸ்பெக்டர் லட்சுமணன் வெட்டுப்பட்டார். ஆந்திராவின் ஆக்டோபஸ் கமாண்டோக்கள் வந்தார்கள், கண்ணீர்ப் புகைக் குண்டு வீசினார்கள். பிற்பகலில் இருவரும் உயிரோடு பிடிபட்டார்கள். 

அந்த நேரம் முழுக்க தெருமுனையில் கூட்டம். ஊர்க்காரர்கள், சென்னையிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் விரைந்து வந்த நிருபர்கள், கேமராக்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் நல்ல படம் கிடைக்கும் என்று கேமராமேன் நினைப்பார். பின்னால் போ என்று போலீஸ்காரர் கத்துவார். இந்தத் தள்ளுமுள்ளு எந்த முற்றுகையிலும் நடப்பதுதான். போலீஸ் எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்தலாம், எந்தச் சட்டப்படி, எவ்வளவு நேரம் என்பது மட்டும் பலருக்கும் தெளிவாகத் தெரியாது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஏன் தள்ளி நிறுத்துகிறார்கள்?

போலீஸ் சொல்லும் காரணம் எப்போதும் பொய்யல்ல. 2008 நவம்பரில் மும்பையில் பயங்கரவாதிகள் தாக்கியபோது, நரிமன் இல்லத்தின் மொட்டை மாடியில் ஹெலிகாப்டரிலிருந்து கமாண்டோக்கள் இறங்குவதை நாடே நேரலையில் பார்த்தது. எல்லை தாண்டி உட்கார்ந்துகொண்டு தாக்குதலை நடத்தியவர்களும் அதே தொலைக்காட்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததைப் போனில் உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். அந்த உரையாடல்கள் ஒட்டுக் கேட்கப்பட்டுப் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாயின. அந்தத் தாக்குதல் தொடர்பான கசாப் வழக்கில் 2012 ஆகஸ்ட் 29 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த நேரலைகள் பாதுகாப்புப் படையினரின் வேலையைக் கடினமாக்கின, உயிருக்கு ஆபத்தை உண்டாக்கின என்று கடுமையாகக் கண்டித்தது. பேச்சுரிமையைக் காட்டி அதை நியாயப்படுத்த முடியாது என்றும் சொன்னது.

வெளிநாட்டிலும் இதே பாடம்தான். 2010 ஆகஸ்டில் பிலிப்பைன்சின் மணிலாவில் வேலையிழந்த போலீஸ் அதிகாரி ஒருவர் சுற்றுலாப் பேருந்தைக் கடத்தி நிறுத்தினார். பேருந்துக்குள்ளேயே தொலைக்காட்சி இருந்தது. தன் தம்பியைப் போலீசார் இழுத்துப் போவதை அவர் நேரலையில் பார்த்துக் கொதித்துப்போனார். முடிவில் ஹாங்காங் பயணிகள் 8 பேர் செத்தார்கள். 1988-ல் ஜெர்மனியில் வங்கிக் கொள்ளையர் இருவர் பணயக்கைதிகளோடு ஊர் ஊராகத் திரிந்தபோது, நிருபர்கள் கார் ஜன்னல் வழியாக மைக்கை நீட்டிக் கொள்ளையரையே பேட்டி எடுத்தார்கள். ஒருவர் வழி காட்ட காருக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தார். அந்த வெட்கத்துக்குப் பிறகு, சம்பவம் நடக்கும்போது குற்றவாளியைப் பேட்டி எடுக்கக் கூடாது என்று அந்நாட்டுப் பத்திரிகையாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள்.

ஆக, தள்ளி நில் என்று சொல்வதில் தவறில்லை. அந்தச் சொல்லுக்கு எல்லை எது என்பதில்தான் சிக்கல்.

நேரலைக்கு ஒரு விதி

2008-க்குப் பின் பல ஆண்டுகள் அறிவுரைகளும் தொலைக்காட்சி நிறுவனங்களின் சொந்தக் கட்டுப்பாடுகளும்தான் இருந்தன. புத்தூர் முற்றுகையின்போதும் அதுதான் நிலை. 2015 மார்ச்சில்தான் மத்திய அரசு கேபிள் தொலைக்காட்சி விதிகளைத் திருத்தி 6(1)(p) என்ற விதியைச் சேர்த்தது. அதன் சாரம் இதுதான்: பயங்கரவாதத்துக்கு எதிராகப் பாதுகாப்புப் படையினர் நடவடிக்கையில் இருக்கும்போது அதை நேரலையில் காட்டக் கூடாது. அரசு நியமித்த அதிகாரி ஒருவர் அவ்வப்போது சொல்லும் தகவலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நடவடிக்கை முடியும்வரை இதுதான் நிலை.

இந்த விதியை நிதானமாகப் படித்தால் மூன்று விஷயங்கள் தெரியும். ஒன்று, இது நேரலையைத்தான் தடுக்கிறது; நிருபர் அங்கே இருப்பதையோ, படம் எடுத்து வைத்துக்கொள்வதையோ, பிறகு ஒளிபரப்புவதையோ தடுக்கவில்லை. இரண்டு, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைக்கு மட்டுமே இது பொருந்தும். குடிபோதையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கத்தி காட்டுகிற ஆளைப் போலீஸ் சுற்றி வளைத்தாலோ, காட்டில் செம்மரம் வெட்டுகிறவர்களைத் துரத்தினாலோ இந்த விதியைக் காட்ட முடியாது. மூன்று, விதி ஊடகத்தின் கையைக் கட்டும்போதே அரசின் தோளிலும் ஒரு பொறுப்பை வைக்கிறது. அவ்வப்போது வந்து தகவல் சொல்ல ஓர் அதிகாரி இருந்தாக வேண்டும். நேரலை நிறுத்தப்பட்டு, பேச அதிகாரியும் வரவில்லை என்றால், விதியின் பாதிதான் நடைமுறையில் இருக்கிறது என்று பொருள்.

இந்த விதியின் பேரில் நடந்த பெரிய மோதல் 2016-ல். பதான்கோட் விமானப்படைத் தளத் தாக்குதலை ஒளிபரப்பியதற்காக என்டிடிவி இந்தியா சேனலை நவம்பர் 9 அன்று ஒரு நாள் முழுக்க நிறுத்தும்படி தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் உத்தரவிட்டது. தாங்கள் சொன்னவை ஏற்கெனவே நாளிதழ்களில் வந்தவைதான் என்றது சேனல். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. சேனல் உச்ச நீதிமன்றம் போனது. நவம்பர் 7 அன்று அமைச்சகம் உத்தரவை நிறுத்திவைத்தது. 2025 ஏப்ரல் 26-ல், பஹல்காம் தாக்குதலுக்குப் பின், ராணுவ நடவடிக்கைகளையும் படை நகர்வுகளையும் நேரலையில் காட்ட வேண்டாம் என்று அமைச்சகம் எல்லா ஊடகங்களுக்கும் மீண்டும் அறிவுறுத்தியது. கார்கில் போரையும் கந்தகார் விமானக் கடத்தலையும் மும்பைத் தாக்குதலையும் அந்த அறிவுரை நினைவூட்டியது.

கயிறு கட்டும் அதிகாரம் யாருக்கு?

நேரலைத் தடை சேனலுக்கு. தெருவில் கட்டும் கயிறு எல்லோருக்கும். இந்தக் கயிற்றுக்குப் பின்னால் பொதுவாக இரண்டு சட்டப் பிரிவுகள் நிற்கின்றன.

முதல் சில மணி நேரத்தில் எழுத்து உத்தரவு எதுவும் கையில் இருக்காது. அப்போது சம்பவ இடத்தில் இருக்கும் போலீஸ் அதிகாரி, குற்றம் நடப்பதைத் தடுக்கச் சட்டத்துக்கு உட்பட்டு என்ன சொல்கிறாரோ அதற்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 172-வது பிரிவு இதைச் சொல்கிறது. மறுப்பவரை அப்புறப்படுத்தலாம், பிடித்தும் வைக்கலாம். ஆனால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சிறிய விஷயமென்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும்.

முற்றுகை நீண்டால் '144' வரும். ஊரில் எல்லோரும் இன்னும் 144 என்றே சொன்னாலும், புதிய சட்டத்தில் அது 163-வது பிரிவு. இதை எஸ்பி போட முடியாது. கலெக்டர், ஆர்டிஓ போன்ற நிர்வாக மாஜிஸ்திரேட்தான் போட வேண்டும். விஜயவாடா, விசாகப்பட்டினம் போலக் கமிஷனரேட் உள்ள நகரங்களில் போலீஸ் கமிஷனருக்கே அந்த அதிகாரம் உண்டு. திருப்பதியிலோ சித்தூரிலோ கமிஷனர் கிடையாது. எனவே அங்கே "144 போட்டிருக்கு, போங்க" என்று சொல்லும் சப்-இன்ஸ்பெக்டரிடம், "ஆர்டிஓ ஆர்டர் காப்பி இருக்கா சார்?" என்று கேட்பது முறையான கேள்விதான். உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், 2 மாதத்துக்கு மேல் தானாக நீடிக்காது. பாதிக்கப்பட்டவர் அதே மாஜிஸ்திரேட்டிடம் போய் மாற்றக் கோரலாம்.

கேபிள் ஒளிபரப்பிலும் இதே கணக்குதான். ஒரு நிகழ்ச்சியை உள்ளூர் கேபிளில் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தைக் கேபிள் சட்டம் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கும் கோட்ட மாஜிஸ்திரேட்டுக்கும் போலீஸ் கமிஷனருக்கும், அரசிதழில் அறிவித்து அரசு நியமிக்கும் அதிகாரிக்கும்தான் தந்திருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து கேபிள்காரருக்கு வரும் போன் அந்த உத்தரவாகாது. இணையத்தை நிறுத்துவதென்றால் மாநில உள்துறைச் செயலர் நிலையில் எழுத்து உத்தரவு வேண்டும். ஒரு உத்தரவு 15 நாளைத் தாண்டக் கூடாது.

உத்தரவை மறைத்து வைப்பதும் செல்லாது. காஷ்மீர் டைம்ஸ் ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில், 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 144 உத்தரவையும் இணையத் தடை உத்தரவையும் வெளியிட வேண்டும். ஆபத்தின் அளவுக்குத்தான் தடையின் அளவு இருக்க வேண்டும். நியாயமான கருத்தை அடக்க 144-ஐப் பயன்படுத்தக் கூடாது. 2023 ஏப்ரலில் மீடியாஒன் சேனல் வழக்கிலும், தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை ஆதாரமில்லாமல் வெறுமனே எடுத்து வீச முடியாது என்றது அதே நீதிமன்றம்.

நிருபருக்குத் தனி உரிமை உண்டா?

பலர் நினைப்பதுபோல 'பிரஸ்' என்ற அட்டை எந்தக் கதவையும் திறக்கும் சாவி அல்ல. அரசியல் சாசனத்தில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக ஒரு வரி கிடையாது. 19(1)(அ) பிரிவில் எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள பேச்சுரிமைக்குள்தான் அது அடங்குகிறது. அரசு தரும் அங்கீகார அட்டை அடையாளம் காட்டும், பேருந்துச் சலுகை வாங்கித் தரும்; போலீஸ் வளையத்தைத் தாண்டும் உரிமையைத் தராது. மரண தண்டனைக் கைதிகளைப் பேட்டி காண அனுமதி கேட்ட பிரபா தத் வழக்கில், தகவல் பெறும் உரிமை எல்லையற்றதல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சரியான காரணமில்லாமல் மறுக்கக் கூடாது என்று சொல்லி, அந்தப் பேட்டிக்கு அனுமதியும் கொடுத்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சட்டமே வேறு மாதிரி. தீ, வெள்ளம் போன்ற பேரிடரில் போலீஸ் மூடிய பகுதிக்குள்ளும் செய்தியாளர் போகலாம் என்று அங்கே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படியொரு வரி இல்லை. இங்கே நிருபருக்கு இருப்பது உங்களுக்கும் எனக்கும் இருக்கும் அதே உரிமைதான்: பொது இடத்தில் நிற்கலாம், பார்க்கலாம், படம் எடுக்கலாம். போலீஸ் வேலை செய்வதைப் படம் எடுப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. வேலைக்குக் குறுக்கே நின்றால்தான் குற்றம். கேமராவையோ போனையோ பறிமுதல் செய்தால் அதற்கு மகஜர் எழுத வேண்டும். எடுத்த படத்தை அழி என்று மிரட்ட எந்தப் பிரிவும் இல்லை.

யாரும் பார்க்காத காடு

புத்தூர் முற்றுகை நடந்து 18 மாதம் கழித்து, அதே மாவட்டத்தில், 2015 ஏப்ரல் 7 அன்று விடியற்காலையில் வேறொரு நடவடிக்கை நடந்தது. சந்திரகிரி பக்கம், ஸ்ரீவாரி மெட்டுக்கு அருகே சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் செத்துக் கிடந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மலைக்கிராமத்து ஏழைகள் அவர்கள். பெரிய கும்பல் கல்லும் கோடாலியுமாகத் தாக்கியது, தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ்.

சுடும்போது அங்கே நிருபர் யாரும் இல்லை. காட்டில் அந்த நேரத்தில் இருக்கவும் முடியாது. பிறகு அங்கே போனவர்கள் எடுத்த படங்கள்தான் முதல் கேள்விகளைக் கிளப்பின. உடல்களின் பக்கத்தில் கிடந்த சில கட்டைகளில் பெயிண்ட் அடையாளம் இருந்தது. அப்போதுதான் வெட்டிய மரத்தில் குறியீடு எப்படி வந்தது? அடுத்த சில நாள்களில், தப்பிப் பிழைத்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் வந்து, தங்களோடு வந்தவர்களைப் போலீஸ் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். சம்பவ இடத்துக்கு நிருபர்களை ஒரு வாரம் விடாமல் இருந்திருந்தால், அந்தக் கட்டைகளைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

கண் இல்லாத இடத்தில் சந்தேகம் முளைப்பது இயல்பு. 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே சட்டான்பள்ளியில், பாலியல் வல்லுறவு, கொலை வழக்கில் கைதான 4 பேரை விடியற்காலையில் சம்பவ இடத்துக்குக் கொண்டுபோன போலீசார் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கியைப் பிடுங்கினார்கள் என்பது போலீசின் கதை. அன்று மக்கள் போலீசுக்குப் பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம், அவர்கள் வேண்டுமென்றே சுடப்பட்டார்கள் என்று 2022-ல் சொன்னது.

மறுபக்கமும் உண்டு. 2020 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் ரவுடி விகாஸ் துபேயைக் கான்பூருக்குக் கொண்டுவந்த போலீஸ் வண்டிகளைப் பின்தொடர்ந்த செய்தி வாகனங்கள் வழியில் நிறுத்தப்பட்டன. கொஞ்ச நேரத்தில் அவர் சுடப்பட்டுச் செத்தார். விசாரித்த நீதிபதி சவுகான் ஆணையம் போலீஸ் தரப்பை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் நிறுத்தப்பட்ட அந்த வண்டிகளைப் பற்றிய பேச்சு இன்றுவரை ஓயவில்லை. 1993-ல் அமெரிக்காவின் வேக்கோவில் 51 நாள் நடந்த முற்றுகையில் செய்தியாளர்களைக் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி வைத்தார்கள். கடைசி நாளில் கட்டிடம் தீப்பிடித்தது, 76 பேர் இறந்தார்கள். அரசு தீ வைக்கவில்லை என்று 2000-ல் தனி விசாரணை முடிவு சொன்னது. அதற்குள் நம்பாதவர்கள் நம்பாமலேயே போய்விட்டார்கள். போலீஸ் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அதற்குச் சாட்சி சொல்ல வெளியாள் ஒருவர் இருப்பது போலீசுக்கே நல்லது.

நியாயமான தடையை எப்படி அறிவது?

ஒரு முற்றுகையில் ஊடகம் தடுக்கப்பட்டது என்று செய்தி வரும்போது, அது நியாயமா என்று பார்க்கச் சில கேள்விகள் போதும்.

தடுத்தது படத்தையா, ஆளையா? நேரலையை நிறுத்துவது தாமதம் மட்டுமே. ஆளை அனுப்பிவிட்டால் பிறகு பேசச் சாட்சியே இருக்காது. தாமதத்துக்குக் காரணம் சொல்வது எளிது. சாட்சியை அகற்றுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டும்.

எவ்வளவு தூரம்? குண்டு பாயும் தூரம் என்றால் சரி. தெருமுனையிலிருந்து பார்க்க முடிகிற இடத்தை விட்டுவிட்டு, பக்கத்து ஊரில் நிறுத்தினால் அது பாதுகாப்புக்காக அல்ல.

எதுவரை? நடவடிக்கை முடிந்ததும் தடையும் முடிய வேண்டும். துப்பாக்கி ஓய்ந்தபின் தடயவியல் ஆட்கள் வேலை செய்யும் இடத்தைப் பாதுகாப்பது சரி. எல்லாம் கழுவித் துடைத்தபின் திறந்துவிடுவது சரியல்ல.

எல்லோருக்கும் ஒரே கயிறா? வேண்டிய சேனலின் ஓபி வேன் உள்ளே நிற்க, மற்றவர்கள் வெளியே நின்றால், அங்கே பாதுகாப்புக் காரணம் அடிபட்டுப் போகிறது.

பேச யார் இருக்கிறார்? ஒரே அதிகாரி, குறித்த நேரத்தில் வந்து, தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னால் வதந்திக்கு வேலை குறையும். போலீஸ் ஊடகத்திடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு விரிவான வழிகாட்டி எழுதும்படி மத்திய உள்துறைக்கு 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் இருக்கிறது.

சாவு நடந்திருந்தால் இன்னொரு கேள்வியும் சேரும். 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட விதிகளின்படி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் யார் இறந்தாலும் எஃப்ஐஆர் போட வேண்டும், சிஐடியோ வேறொரு காவல் நிலையத்துக் குழுவோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்க வேண்டும். இவை நடந்தனவா என்று மறுநாள் கேட்பதும் செய்திதான். அதற்கு எந்தக் கயிறும் குறுக்கே நிற்காது.

உங்கள் கையில் போன் இருந்தால்

இன்று தெருமுனையில் நிற்பவர் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. 6(1)(p) சேனலுக்கான விதி. உங்கள் ஃபேஸ்புக் நேரலையைப் பற்றி அது பேசவில்லை. ஆனால் மொட்டை மாடியிலிருந்து கமாண்டோக்கள் எந்தச் சுவர் ஓரம் பதுங்கியிருக்கிறார்கள் என்று நேரலை போட்டால், மும்பையில் நடந்ததுதான் உங்கள் தெருவிலும் நடக்கும். படம் எடுங்கள், நேரம் குறித்து வையுங்கள், முடிந்தபின் வெளியிடுங்கள். உள்ளே இருக்கும் குழந்தையின் முகத்தையும், அந்த வீட்டின் உரிமையாளர் பெயரையும் வெளியிட வேண்டாம். வாடகைக்கு விட்டது ஒரு குற்றமல்ல.

புத்தூரில் அந்தச் சனிக்கிழமை பிற்பகல், இரண்டு பேர் உயிரோடு வெளியே கொண்டுவரப்பட்டதை ஊரே பார்த்தது. எப்படிப் பிடித்தார்கள் என்பது பற்றிப் பின்னாளில் பெரிய சந்தேகம் எழவில்லை; கயிற்றுக்கு இந்தப் பக்கம் அத்தனை கண்கள் இருந்தன. அடுத்த முறை தொலைக்காட்சியில் 'யாரையும் உள்ளே விடவில்லை' என்று ஓடும்போது, ஏன் விடவில்லை என்று கேட்பதோடு, எப்போது விடுவார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் வந்தால் அது பெரும்பாலும் பாதுகாப்புக்காகப் போட்ட தடையாகத்தான் இருக்கும்.